துண்டுக்குள்ள நாலு

"அம்மிணி, வெரலை ஆப்பரேசன்லயே நீட்டி உட்டுட்டாங்களே. மறுக்கா எதுக்குங்க இந்த நீட்டற சோலி?"

இப்படிக் கேட்டுக்கிட்டேதான் சென்னியப்பன் உள்ள வந்தாரு.

ஜெசிந்தா மூலையில சுருட்டி வெச்சிருந்த ஒரு காலண்டரை எடுத்துச்சு. மேசை மேல விரிச்சுச்சு. உள்ளங்கையால நல்லா அழுத்திப் புடிச்சுச்சு.

அப்பறம் கையை எடுத்துச்சு.

காலண்டரு சுர்ருன்னு சுருண்டுக்கிச்சு.

சென்னியப்பன் ரொம்ப நேரம் அதையே பார்த்தாரு. மூஞ்சியில ஒரு தெளிவு வந்துச்சு.

"இந்த வருசத்துதுங்களா? எனக்கொண்ணு குடுங்க."

ஜெசிந்தா அதையே குடுத்துருச்சு.

குரு ஜெசிந்தாவுக்கு வயசு முப்பத்திரண்டு. சீடனுக்கு அறுபத்தொண்ணு. எடம் மலையுமில்ல, மரத்தடியுமில்ல. ஆசுபத்திரி மாடியில, கக்கூசுக்கு அடுத்த ரூம்பு. கை மடங்கிப் போனவங்களுக்கும் வெரல் வெறைச்சவங்களுக்கும் பயிற்சி குடுக்கற ரூம்பு. அங்க இருந்தது ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, சூட்டுக்குக் கையை முக்கற ஒரு மெழுகுத் தொட்டி, ஜெசிந்தா.

சென்னியப்பன் மாட்டுத் தரகரு.

அவரோட வலது உள்ளங்கையில, தோலுக்கடியில, கயிறு மாதிரி ஒண்ணு தடிச்சுச்சு. வலியுமில்ல, காய்ச்சலுமில்ல. சத்தமில்லாம சுண்டுவெரலை உள்ள இழுத்துச்சு. ஒரு வருசம் கழிச்சு மோதிரவெரலும் தொணைக்குப் போயிருச்சு. கோயில்ல கும்பிட்டா மூணு வெரல் சாமியைக் கும்பிடும், ரெண்டு வெரல் சாமிகிட்ட முறைச்சுக்கிட்டு நிக்கும்.

அதெல்லாம் அவருக்குப் பெருசில்ல. தொழிலு போச்சு. அதுதான்.

சந்தையில மாட்டு வெலையை வாயால சொல்ல மாட்டாங்க. கை மேல துண்டைப் போட்டுக்குவாங்க. துண்டுக்குள்ள ஒருத்தரு வெரலை இன்னொருத்தரு புடிப்பாரு. எத்தனை வெரலைப் புடிக்கிறாரோ அத்தனை பத்தாயிரம். வேண்டாம்னா உதறணும். சம்மதம்னா ஒரு அமுக்கு. அமுக்கிட்டா முடிஞ்சுது. துண்டை எடுத்த பொறவு மாத்திப் பேசினா, அடுத்த வாரம் ஒருத்தனும் அவனுக்குக் கை குடுக்க மாட்டான்.

மூணு வருசத்துக்கு முந்தி ஒரு ஜோடிக் காளை. காளைக்காரம்மா மூணுக்குக் கொறையாம முடிங்கன்னு சொல்லியிருந்துச்சு. வாங்க வந்தவன் நாலு குடுக்க வந்தவன். நாலு வெரலைத் தேடிப் புடிச்சான். சுண்டுவெரல் உள்ளங்கைக்குள்ள படுத்துத் தூங்குது. மூணுதான் சிக்குச்சு. சென்னியப்பன் மூணுன்னு நெனச்சு அமுக்கிட்டாரு.

வந்தவன் வாயைத் தொறக்கல. மூணு குடுத்து ஓட்டிட்டுப் போயிட்டான். டீக்கடையில போய்த்தான் வாயைத் தொறந்தான்.

சென்னியப்பன் சண்டைக்குப் போகல. துண்டுக்குள்ள அமுக்கினது அமுக்கினதுதான். கொறைஞ்ச பத்தாயிரத்துக்கு ஈடாத் தன் வீட்டுக் கிடாரிக் கன்னை அவுத்துக்கிட்டுப் போய், காளைக்காரம்மா வாசல்ல கட்டிட்டு வந்துட்டாரு.

அன்னையிலிருந்து சந்தையில அவருக்கு ஒரு பேரு. மத்தவங்களுக்கு வயசானா காது கேக்காது, நம்ம சென்னியப்பனுக்கு வெரல் கேக்காதுன்னு.

மாசிக் கடைசியில குண்டத்துச் சந்தை. கோயில்ல குண்டம் மிதிக்கறப்ப, வருசத்துக்கொருக்கா கூடற சந்தை. அதுக்குள்ள வெரலுக்குக் காது கேட்டாகணும். இல்லைன்னா வீட்டோட உக்காந்து துளசிமணிக்கு வெங்காயம் உரிக்கணும். துளசிமணின்னா அவரு பொண்டாட்டி. அது ஏற்கெனவே வெங்காயத்தை எடுத்து வெச்சிருச்சு.

மொத நாளே கூத்துதான்.

ஜெசிந்தா அவரு கையை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுச்சு. துண்டைப் போட்டு மூடித் தொடச்சுச்சு. எவ்வளவு வெறைப்பு இருக்குதுன்னு பார்க்க, துண்டுக்கு மேல இல்லாம உள்ள கையை விட்டு ரெண்டு வெரலைப் புடிச்சுச்சு.

சென்னியப்பன் வெடுக்குன்னு உதறினாரு.

"ரெண்டுக்குக் கட்டாதுங்க அம்மிணி."

சொன்ன பொறவுதான் எங்க உக்காந்திருக்கறோம்னு அவருக்கு ஞாபகம் வந்துச்சு. வெக்கப்பட்டுக்கிட்டே காளைக் கதையைச் சொன்னாரு. எந்த வெரலுக்கு என்ன கணக்கு, எப்படிப் புடிக்கணும், அதை மட்டும் சொல்லல. அது வெளியாளுக்குச் சொல்றதில்லைன்னுட்டாரு.

அப்பறம் ஸ்பிளிண்ட் செஞ்சாங்க. வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் தகடு. சுடுதண்ணியில போட்டா நமுத்த அப்பளமாட்டம் தொங்குது. கை மேல படிய வெச்சு ஆற உட்டா ஓடுமாதிரி வெறைச்சுக்குது. அதுக்குள்ள வெரல்க நீட்டமாப் படுத்துக்கணும். மேல பட்டை போட்டு ஒட்டிக்கணும்.

சென்னியப்பன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"நாப்பது வருசமா மாட்டுக்குத்தான் லாடம் அடிச்சுப் பார்த்திருக்கறேன்."

ஜெசிந்தா கணக்கு சொல்லுச்சு. தூங்கறப்பப் பூராவும் லாடம் இருக்கணும், ஆறு மாசம். பகல்ல கழட்டி வெச்சுட்டு மடக்கி நீட்டணும், பத்துத் தடவை, அஞ்சு வேளை.

"நாலு தடவை, ரெண்டு வேளை," அப்படின்னாரு சென்னியப்பன்.

"பத்துங்க ஐயா. அஞ்சு வேளை."

"சரி, அம்மிணி மொகத்துக்காக அஞ்சு தடவை."

"பத்து."

சென்னியப்பனுக்கு மனசு கஷ்டமாப் போச்சு. நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டு, அந்தப் புள்ளைக்குப் புத்தி சொன்னாரு. வியாபாரம்னா ஏறி எறங்கி வரணும், சொன்ன எடத்துலயே நட்டுக்கிட்டு நின்னா மாடு பட்டியிலயேதான் நிக்கும், படிச்ச புள்ளைக்கு இது தெரிய வேண்டாமான்னு.

ஜெசிந்தா எல்லாத்தையும் கேட்டுக்கிச்சு.

"பத்து," அப்படின்னுச்சு.

அடுத்த வாரம் காலண்டர் மேல புகாரோட வந்தாரு. சுவத்துல மாட்டினா கீழ்ப்பக்கம் சுருண்டுக்கிட்டு மேல ஏறுதாம். தேதி பார்க்கணும்னா ஒருத்தர் இழுத்துப் புடிக்கணும், ஒருத்தர் படிக்கணும்.

"பாரம் வெச்சீங்களாய்யா?"

"வெச்சேனுங்க. ஒரு ராத்திரி பூராவும் அம்மிக்கல்லு வெச்சேன். காலையில எடுத்தேன். மத்தியானத்துக்குள்ள மறுக்கா சுருண்டுருச்சு."

"ஒரு ராத்திரிதான் வெச்சீங்களா?"

"ஒரு காலண்டருக்கு எத்தனை ராத்திரிங்க வெக்கறது?"

ஜெசிந்தா அவரு கையைப் பார்த்துச்சு. சென்னியப்பனும் தன் கையைப் பார்த்தாரு.

"நெகத்தை வெட்டியிருக்கணுமோ?" அப்படின்னாரு.

மூணாவது வாரம் சிரிச்ச மூஞ்சியோட வந்தாரு. லாடம் இப்ப ரொம்ப சுகமா இருக்குது, போட்டதே தெரியறதில்லைன்னாரு.

ஜெசிந்தா வாங்கிப் பார்த்துச்சு. நேரா இருந்த தகடு, வெரல் பக்கமா வளைஞ்சு, கரண்டிமாதிரி இருந்துச்சு.

விசயம் இதுதான். அம்மிணி எறங்கி வராததால சென்னியப்பன் நேரா லாடத்துகிட்டயே பேரம் பேசிட்டாரு. சுடுதண்ணியில போட்டா இளகும்னு பார்த்து வெச்சிருந்தாருல்ல, வீட்டுல குண்டாவுல சுடவெச்சு முக்கி எடுத்து, சுண்டுவெரலுக்குக் கொஞ்சம், மோதிரவெரலுக்குக் கொஞ்சம்னு தள்ளுபடி குடுத்திருக்காரு.

ஜெசிந்தா ரெண்டு காலு வெச்ச ஒரு ஸ்கேலை எடுத்து, சுண்டுவெரலு மேல வெச்சு அளந்துச்சு.

"போன வாரம் பத்து. இந்த வாரம் முப்பது."

சென்னியப்பன் நெஞ்சை நிமித்தினாரு. "ஏறியிருக்குதுங்களா?"

"மடங்கின அளவுங்க ஐயா அது."

நிமித்தின நெஞ்சு தானா எறங்கிருச்சு.

"மறுக்கா மடங்கிட்டா, மறுக்கா ஆப்பரேசன் பண்ணி உட மாட்டாங்களா?"

மொதத் தடவை கெடைச்ச நீட்டம் ரெண்டாந்தடவை கெடைக்கறது கஷ்டம்னு ஜெசிந்தா மெதுவாச் சொல்லுச்சு. இப்பவே புடிச்சா இந்த முப்பது எறங்கும், ஒரு மாசம் போனா எறங்காதுன்னும் சொல்லுச்சு. திட்டல. சென்னியப்பனுக்குத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பதிலுக்கு எதையாச்சும் பேசியிருப்பாரு.

தகடு மறுக்கா தண்ணிக்குள்ள போச்சு. மறுக்கா நேராச்சு. ஆறினதும் ஜெசிந்தா அதைக் கழட்டி மேசை மேல வெச்சுச்சு.

"ஐயா, உங்க துண்டுப் பாசையை எனக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா?"

"அது வெளியாளுக்குச் சொல்றதில்லைங்க அம்மிணி. எங்கூட்டுல இருக்கற துளசிமணிக்கே சொன்னதில்ல."

"சரிங்கய்யா. நானே கண்டுபுடிச்சுக்கறேன்."

அவரு தோள்ல கெடந்த துண்டை எடுத்து, அவரு கை மேல போட்டுச்சு. உள்ள கையை விட்டு நடுவெரலை மட்டும் புடிச்சுச்சு.

"இது மூணுதான?"

சென்னியப்பன் பல்லைக் கடிச்சுக்கிட்டாரு.

"அப்ப இது?" பெருவெரலை மேலயும் கீழயும் ஆட்டுச்சு. "இது ஆறா?"

நாப்பது வருசத் தொழில். ஒரு மனுசன் எவ்வளவுதான் தாங்குவான்.

"ஐயோ அம்மிணி, அது ஒண்ணுமே இல்லீங்க. பால் கறக்கற மாதிரி இருக்குது. கையை எடுங்க. ஆள்காட்டியிலதான் ஆரம்பிக்கணும். அது ஒண்ணு. கூட நடுவெரல், ரெண்டு. கூட மோதிரவெரல், மூணு. சேர்த்துப் புடிக்கணும், தனித்தனியா இல்ல."

"மோதிரவெரல் கைக்குச் சிக்கலீங்களே ஐயா."

சென்னியப்பன் மூச்சைப் புடிச்சு நீட்டினாரு.

"இப்பச் சிக்குதா?"

"கொஞ்சம்."

இன்னும் நீட்டினாரு.

"நாலு எப்படிங்க?"

"நாலுக்குச் சுண்டுவெரலும் சேரணும்." அதையும் நீட்டப் பார்த்தாரு. நெத்தியில வேர்த்துச்சு. அது பாதி வழியில நின்னுக்கிச்சு.

"பரவால்லீங்க, மறுக்கா மொதல்ல இருந்து சொல்லுங்க. நான் மறந்துட்டேன்," அப்படின்னுச்சு ஜெசிந்தா.

அதுக்குப் பொறவு அந்த ரூம்புல குரு யாரு, சீடன் யாருன்னு பார்த்தவங்களுக்குத் தெரியாது.

அம்மிணி மாதிரி ஒரு மக்கு மாணவியை உலகம் பார்த்திருக்காது. ஒரு வாரம் சொல்லிக் குடுத்தா மறுவாரம் மறந்துட்டு வரும். மூணுன்னா நாலுங்கும். கணுவுல அமுக்கினா அரைன்னு முப்பது தடவை சொன்னாரு, முப்பத்தொண்ணாவது தடவை அப்படியான்னு கேட்டுச்சு. அமுக்கினா சம்மதம்னு சொன்னா, அமுக்கறதை ஒழுங்காக் காட்டுங்கன்னு பத்துத் தடவை வெரலை மடக்க வெச்சுச்சு. சென்னியப்பன் நீட்டுவாரு, மடக்குவாரு, திட்டுவாரு. இவ்வளவு படிச்ச புள்ளைக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியலையேன்னு வெளிய பெஞ்சுல காத்திருக்கறவங்ககிட்டச் சொல்லி வருத்தப்படுவாரு.

ஒருக்கா ஜெசிந்தா துண்டு கெடக்கறப்பவே, "இது மூணரையா ஐயா?"ன்னு கேட்டுருச்சு.

"வாயை மூடுங்க அம்மிணி. துண்டு மேல கெடக்கறப்ப வாய் பேசக் கூடாது. வெரல்தான் பேசணும்."

"சரிங்கய்யா."

வீட்டுலயும் யாருக்காச்சும் சொல்லிக் குடுங்க, எனக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு உங்களுக்குத் தோது வரும்னு ஜெசிந்தா சொல்லுச்சு. நாயமாப் பட்டுச்சு. துளசிமணிக்குச் சொல்லிக் குடுத்தாரு.

துளசிமணி ஒரே நாள்ல கத்துக்கிச்சு. மறுநாள் காலையில துண்டைப் போட்டு, ஆட்டுக்குட்டி வாங்க மூவாயிரம் வேணும்னு மூணு வெரலைப் புடிச்சுச்சு. இவரு உதறினாரு. அது மறுக்கா புடிச்சுச்சு. இவரு மறுக்கா உதறினாரு. ஒரு நாளைக்கு அஞ்சு வேளை இந்தப் பேரம் நடந்துச்சு. ஒரு வேளைக்குப் பத்துத் தடவைக்குக் கொறையல.

ராத்திரி லாடமும் போட்டுக்கிட்டாரு. பயத்துல இல்ல. சொல்லிக் குடுக்கற வாத்தியாரு கையே கோணலா இருந்தா மாணவி என்ன நெனைக்கும்னுதான்.

மாசிக் கடைசி வந்துச்சு. சந்தைக்கு இன்னும் மூணு நாள்.

ஜெசிந்தா அவரு கையை மேசை மேல கவுத்து வெக்கச் சொல்லுச்சு. ஒரு காயிதத்தை எடுத்து வெரலுக்கடியில நுழைக்கப் பார்த்துச்சு. நுழையல. அப்படிப் படிஞ்சு கெடந்துச்சு கை.

சென்னியப்பன் தன் கையையே பார்த்தாரு. வேற யாரோட கையோ மேசை மேல மறந்து வெச்சுட்டுப் போன மாதிரி பார்த்தாரு.

அப்பறம் தொண்டையைச் செருமிக்கிட்டாரு. பேரம் ஆரம்பிச்சுது.

வெரல் நீட்டமாயிருச்சு, அம்மிணியே பார்த்தாச்சு. ஆறு மாசம்னு சொன்னதுல ரெண்டு மாசம் ஓடிருச்சு. மீதியைப் பேசி முடிச்சுக்கலாம். பங்குனி வந்தா வேக்காடு, லாடத்துக்குள்ள கை வேகும். தூக்கத்துல திரும்பினதுல துளசிமணி மூக்கு மேல ரெண்டு தடவை பட்டுருச்சு. அதெல்லாம் விடுங்க. சந்தையில மூணு ராத்திரி தங்கணும். எல்லாத் தரகரும் ஒரே கொட்டாயிலதான் படுப்பாங்க. அங்க போய் லாடத்தை மாட்டிக்கிட்டுப் படுத்தா, வெரல் கேக்காதவன்னு சொன்னவங்க இனிமே என்ன பேரு வெப்பாங்கன்னு அம்மிணியே நெனைச்சுப் பார்க்கணும்.

"அதனால ஒரு மாசம்னு முடிச்சுக்கலாமுங்க. அதுவும் சந்தை முடிஞ்சு வந்துதான். நாயமாத்தான கேக்கறேன்?"

ஜெசிந்தா பத்துன்னும் சொல்லல, ஆறுன்னும் சொல்லல.

அவரு கையை மெழுகுல முக்கி எடுத்துச்சு. ஆறினதும் மெழுகை உரிச்சுச்சு. அவரு தோள்ல இருந்த துண்டை எடுத்து, கை மேல போட்டுச்சு.

அதோட கை உள்ள போச்சு.

ஆள்காட்டிவெரல். நடுவெரல். மோதிரவெரல்.

அப்பறம் சுண்டுவெரல். நுனி வரைக்கும்.

நாலும் சேர்ந்து, ஒரே புடியா. மக்கு மாணவி புடிக்கிற புடியில்ல அது. சந்தையில முப்பது வருசம் நின்னவன் புடிக்கிற புடி.

மூணு வருசமா அந்தச் சுண்டுவெரல்கிட்ட வந்து ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல.

"அம்மிணி, நாலு மாசம்னா..."

"துண்டு மேல கெடக்குதுங்க ஐயா."

வாயை மூடிக்கிட்டாரு.

உதறலாம். ஒரு உதறு உதறினா போதும், மறுக்கா பேசலாம். சென்னியப்பன் மேல பார்த்தாரு, ஃபேன் சுத்துச்சு. மூலையைப் பார்த்தாரு, காலண்டர் இருந்த எடம் காலியாக் கெடந்துச்சு. கீழ பார்த்தாரு, துண்டு.

நாலு வெரலையும் மடக்கி ஒரு அமுக்கு அமுக்கினாரு.

வெளிய பெஞ்சுல துளசிமணி உக்காந்திருந்துச்சு. அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு, எத்தனை மாசத்துக்கு முடிச்சீங்கன்னு கேட்டுச்சு.

சென்னியப்பன் துண்டை உதறித் தோள்ல போட்டாரு.

"துண்டுக்குள்ள பேசினதை வெளிய சொல்றதில்ல," அப்படின்னாரு. "சந்தைக்குப் போற பையில அந்த லாடத்தை எடுத்து வெய்யி."